லாங் ஆனில் ஓர் இரவல் ஆள்

எங்கள் அடுக்ககத்தின் முதல் அணியில் ஆடத் திறமை வேண்டும். இரண்டாவது அணியில் ஆட, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தால் போதும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்தரைக்கு எழுவதெல்லாம் இப்போது என் விருப்பத்தைக் கேட்டு நடக்கிற காரியம் இல்லை. ஆகவே மூன்று வருஷமாக இரண்டாவது அணியில் எனக்கு நிரந்தர இடம் இருக்கிறது. பதினோராவது இடம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை எனக்கு. காலையிலிருந்து மாலைவரை, மற்றவர்கள் செய்து அனுப்பியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஆகாது என்று ஒதுக்கிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் அதே பார்வையோடு என்னைப் பார்க்கும்போது அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே படும்.

பேட்டிங்கில் மோசம் என்று என்னைச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் என் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பந்து வீசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்கு வாய்த்த புகழெல்லாம் கேட்ச் விடுவதில்தான். மூன்று வருஷத்தில் ஏழு கேட்ச்கள் என்னை நாடி வந்தன. ஏழையும் விட்டிருக்கிறேன். ஒன்று நெஞ்சில் பட்டது. ஒன்று நான் குனிந்த பிறகு வந்தது. ஒன்றைப் பிடித்தே விட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் கையை உயர்த்திக் காட்டியபோது கையில் பந்து இல்லை. மீதியைப் பற்றி எங்கள் லிஃப்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படித்தவன் என்கிற முறையில் இதைப் படித்துச் சரிசெய்யப் பார்த்தேன். உயரே போன பந்தைப் பிடிக்க ஓடுகிறவன், அது தன் பார்வையில் ஏறுகிற வேகம் மாறாதபடி ஓட வேண்டும் என்று ஒரு விஞ்ஞானக் கட்டுரை சொல்லியது. அதைப் படித்த பிறகு, முன்பு சும்மா விட்டுக்கொண்டிருந்த கேட்ச்களை விளக்கத்தோடு விட ஆரம்பித்தேன். என் மனைவி அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. “கையாலதான் பிடிக்கணும்னு சட்டமா? இவ்வளவு பெரிய வயிறு இருக்கு, அதுல பிடிங்க” என்று மட்டும் சொன்னாள். அதை நான் அறிவுரையாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன கோடையில் ஒரு ஞாயிறு, வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து உள்ளே நடந்தால் வருகிற பழைய கிராமத்தின் இரண்டாவது அணியோடு எங்களுக்கு ஆட்டம். அவர்களுடைய முதல் அணி கோப்பைகளுக்கு ஆடும். இரண்டாவது அணி எங்களைப் போன்றவர்களோடு ஆடும். நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள். இன்று பாதி நிலம் வண்ணக் கல் நட்ட மனைகளாகிவிட்டது, மீதியில் கீரை. அவர்களுடைய கேப்டனுக்கு நாற்பது வயதிருக்கும். விடிகாலையில் கீரைக்கட்டு, அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோ, ஞாயிறானால் சுழற்பந்து. வெறுங்காலோடு வந்து, கையை ஒரு சுற்றுச் சுற்றி, பந்தைப் போட்டுவிட்டு, அது என்ன ஆகிறது என்று தானே வேடிக்கை பார்ப்பது போல நிற்பார்.

எங்கள் கேப்டன் ஈரோட்டுக்காரர். முப்பத்து மூன்று வயது, கம்ப்யூட்டர் வேலை. பிரமாதமான கை அவருக்கு. பறக்கிற எதையும் பிடித்துவிடுவார். முதல் அணி அவரைக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. அங்கே அவர் ஏழாவதாக ஆட வேண்டும், இங்கே மூன்றாவதாக ஆடலாம். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை: ஒரு ஆட்டத்தில்கூட ஐம்பது அடித்ததில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, ஒருமுறை நாற்பத்தாறு. அன்று ரயிலில் வரும்போது, இன்று ஐம்பது அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவதாக மனைவியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் பெரியமனுஷனாகச் சொன்னேன்.

மைதானம் ஆறு மாதம் ஏரி, ஆறு மாதம் மைதானம். நடுவில் தென்னை நார் விரிப்பை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். மூன்று பக்கம் எல்லை கண்ணுக்கெட்டாத தூரம். ஒரு பக்கம் மட்டும் ஏரிக்கரை கிட்ட வந்துவிடுவதால், கரையடியில் போட்ட சுண்ணாம்புக் கோடு ரொம்பப் பக்கம். ஸ்டேஷன் பக்கமிருந்து ஆடுகிறவருக்கு அந்த இடம் நேர் எதிரே, பந்து வீசுபவருக்குப் பின்னால், அவருக்குச் சற்றே வலது பக்கம் வரும். லாங் ஆன் என்பார்கள்.

வேலிகாத்தான் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஸ்கோர் எழுதியவர் அவர்கள் கேப்டனின் அக்கா. வார நாட்களில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மேற்பார்வை. தம்பி ஆட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் புத்தகம் அவர் கையில்தான். நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அந்த நாற்காலிப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்கள் முதலில் ஆடி, இருபது ஓவரில் நூற்றுப் பன்னிரண்டு எடுத்தார்கள். என்னிடம் கேட்ச் எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் நிம்மதியாக மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் ஆட்களில் ஒருவருக்குப் போன் வந்தது. வீட்டில் பசு கன்று போட முக்கிக்கொண்டிருக்கிறது. அவர் பேச்சு முடிவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். பசுவா, ஆட்டமா என்பது அந்த ஊரில் கேள்வியே இல்லை. ஆக அவர்களுக்குப் பந்து பொறுக்க ஓர் ஆள் குறைந்தது.

எங்கள் வட்டாரத்து இரண்டாவது அணிகளுக்குள் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்களுக்கு ஆள் குறைந்தால், பேட் பிடிக்காமல் நிழலில் உட்கார்ந்திருக்கிற நம் ஆட்களில் ஒருவரை இரவல் கொடுக்க வேண்டும். உள்ளே போனவன் வெளியே வரும்வரை அவர்கள் ஆள். சொந்த அணிக்காரன் அடித்தாலும் ஓடிப் போய்த் தடுக்க வேண்டும். இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதனாலேயே யாரும் மீறியதில்லை. வழக்கமாகப் போகிறவன் கடைசியாக ஆடுகிறவன், ஏனென்றால் அவனுக்குத்தான் ரொம்ப நேரம் வேலை இருக்காது. எங்கள் கேப்டன் என்னைப் பார்த்தார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் கேப்டன் என்னை மரியாதையாகத்தான் வைத்துக்கொண்டார். அதிகம் ஓட வேண்டாம், வெயில் ஜாஸ்தி என்று சொல்லி, எல்லை பக்கமாக இருக்கிற லாங் ஆனில் நிறுத்தினார். கரைமேல் இரண்டு எருமைகள் நின்றிருந்தன. மூன்று பேருமாக ஆட்டத்தைப் பார்த்தோம்.

ஒரு பக்கம் எங்கள் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, மறுபக்கம் எங்கள் கேப்டன் மட்டும் நின்று ஆடிக்கொண்டிருந்தார். பதினான்காவது ஓவரில், முப்பதைத் தொட்டிருந்தபோது, கீரைக் கேப்டனின் பந்தைத் தூக்கி என் பக்கம் அடித்தார். பந்து சாவகாசமாக வந்தது. நான் பார்வைக் கோணத்தைச் சரிபார்த்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் போனேன், ஓர் அடி பின்னால் வந்தேன், இரண்டு கைகளையும் ஏந்தினேன். பந்து கையில் விழுந்தது, எழுந்தது, கோட்டைத் தாண்டியது. நான்கு ஓட்டம்.

எட்டாவது. எனக்குப் பழக்கமான வருத்தம். ஆனால் நிழலில் இருந்த எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். எங்கள் அணியில் நான் கேட்ச் விட்டு இதுவரை யாரும் கைதட்டியதில்லை.

அடுத்த ஓவர் கழித்து மறுபடி அதே இடத்துக்கு ஒரு பந்து. இம்முறை தரையோடு உருண்டு வந்து என் கால்களுக்கு நடுவே, மதகு வழியாகப் போகிற தண்ணீர் மாதிரி போயிற்று. மறுபடி கைதட்டல். இப்போது எங்கள் கேப்டன் பேட்டை ஊன்றி நின்று, நிழல் பக்கம் பார்த்து மெல்லச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தவறி அடிக்கவில்லை. குறிபார்த்து அடிக்கிறார். அவர்களுக்கு ஓர் ஆளைக் கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்தது ஒரு ஓட்டையை. நடுவில் ஐந்து பேர் அவுட்டாகி வந்து சும்மா உட்கார்ந்திருந்தும் என்னை மாற்றாததன் காரணம் இப்போது புரிந்தது. வழக்கத்தை அவர் மீறவில்லை. என்னை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஓவர் முடிந்ததும் கீரைக் கேப்டன் என்னிடம் நடந்து வந்தார். வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல் கரைமேல் நின்ற எருமையைப் பார்த்துப் பேசினார்.

“அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காத. ஒண்ணு கேக்குறேன். வேணும்னேவா உட்ட?”

என் வாழ்க்கையில் நான் நிறையக் கேட்கப்பட்டிருக்கிறேன். ஏன் விட்டாய், எப்படி விட்டாய், கண்ணாடி போட்டிருக்கிறாயா. ஆனால் வேண்டுமென்றே விட்டாயா என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, காதுவரை சூடேறியது. எட்டு கேட்சையும் நான் நேர்மையாக விட்டிருக்கிறேன். என்னிடம் திறமை என்று ஒன்று இல்லாவிட்டாலும் அதில் கலப்படம் இல்லை.

“இல்லப்பா. நான் எப்பவுமே இப்படித்தான்” என்றேன்.

“எப்பவுமேவா?”

“மூணு வருஷமா. இது எட்டாவது. எங்க ஆளுங்க யாரை வேணும்னாலும் கேளு.”

அவர் யோசித்தார். என் முகத்தை, வயிற்றை, வெயிலில் சிவந்த உள்ளங்கையை எல்லாம் ஒரு தரம் பார்த்தார். தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறவனுக்கு அந்தப் பார்வை தெரியும். எடுத்துக்கொள்வதா, ஒதுக்குவதா.

வேறு எங்காவது பந்து வராத இடத்தில் என்னை நிறுத்திவிடும்படி நானே சொன்னேன்.

“வாணாம். இங்கியே நில்லு. நீ சொல்லிக்கின, நான் நம்பிக்கினேன். அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் திட்டியிருக்கலாம். நம்பியதுதான் பொறுக்கவில்லை. நேரம் போகப்போக வெயில் ஏறியது. நான் கோட்டருகே நின்று, பந்து வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த ஆசாமி, கொஞ்சம் கொஞ்சமாக, வரட்டும் என்று நினைக்க ஆரம்பித்தேன். இனி வருகிற பந்தையும் விட்டால் நான் விட்டது கைப் பிசகு என்று இந்த ஊரில் யாரும் சொல்லப் போவதில்லை. நான் மோசடிக்காரன் இல்லை என்று காட்ட எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதுவும் எனக்குச் செய்யவே தெரியாத ஒரு காரியம்.

கடைசி ஓவர் வந்தபோது எட்டு விக்கெட் போயிருந்தது. எங்களுக்குப் பத்து ஓட்டம் வேண்டும். கேப்டன் நாற்பத்து மூன்றில் இருந்தார். வீச வந்தவர் கீரைக் கேப்டன்.

முதல் பந்தில் இரண்டு ஓட்டம். இரண்டாவது பந்தை எங்கள் கேப்டன் வெட்டி விட்டார். கரைக்கு எதிர்ப்பக்கம் அவ்வளவு தூரம் உருண்டு போய் எல்லையைத் தொட்டது. நான்கு. நாற்பத்தொன்பது. எங்கள் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மூன்றாவது பந்து எதிலும் படாமல் போனது. இன்னும் மூன்று பந்து, நான்கு ஓட்டம்.

நான்காவது பந்தைப் போடுவதற்கு முன் கீரைக் கேப்டன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இடத்தை மாற்றச் சொல்லிக் கை காட்டவில்லை. சும்மா பார்த்தார். அதே நேரம் எங்கள் கேப்டனும் என்னைப் பார்த்தார். இரண்டு கேப்டன்களும் ஒரே பந்துக்கு முன்னால் என்னைத்தான் நம்பியிருந்தார்கள். ஒருவர் நான் சொன்னதை நம்பினார், இன்னொருவர் என் சரித்திரத்தை.

பந்து உயர்ந்தது. எனக்கு நேராகத்தான். நான் கோணத்தைப் பார்க்கவில்லை. கட்டுரை எதுவும் ஞாபகம் வரவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. கையைக்கூட நான் உயர்த்தவில்லை, அதுவாக உயர்ந்தது. பந்து உள்ளங்கையில் பட்டு, வழக்கம்போல் எகிறி, நெஞ்சில் மோதி, சட்டையோடு வழுக்கி இறங்கி, வயிற்றின் மேல் வந்து ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்தில் என் இரண்டு கைகளும் வந்து வயிற்றைக் கட்டிக்கொண்டன.

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பந்து இல்லை. பின்னால் திரும்பிக் கோட்டுக்கு அப்பால் பார்த்தேன். அங்கேயும் இல்லை. எருமைகளைப் பார்த்தேன். அப்புறம்தான் கைகளுக்குள் பார்த்தேன்.

எட்டுப் பத்துப் பேர் என்னை நோக்கி ஓடிவந்தார்கள். அவர்களில் லாரி ஓட்டுகிற ஒருவர் என் இடுப்பைக் கட்டித் தூக்கிவிட்டார். இன்னொருவர் என் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்தார். “வயித்துக்குள்ள போட்டு பூட்டிக்கினாரு மாமே” என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொண்டே என் வயிற்றைத் தட்டிக்கொடுத்தார். கீரைக் கேப்டன் கடைசியாக வந்தார். என் உள்ளங்கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். பந்தின் தையல் அப்படியே பதிந்திருந்தது. “உண்மைதான் சொல்லிக்கீற” என்றார்.

மூன்று வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. கல்யாணத்தில்கூட என்னை யாரும் தூக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் வேலிகாத்தான் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒன்பதாவது விக்கெட் விழுந்தாயிற்று, அடுத்து ஆட வேண்டியவர் யார், எங்கே என்று கேட்டார். எங்கள் ஆட்கள் நாலா பக்கமும் தேடினார்கள். அவரை எதிரணி தோள்மேல் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது.

என்னை இறக்கிவிட்டார்கள். அவர்கள் ஆளாக அங்கிருந்து கிளம்பி, பாதி வழியில் எங்கள் ஆளாகி, நிழலுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் அணியில் கிழியாத கால் பேடு இரண்டே ஜோடி. ஒன்று ஆடுகளத்தில் நிற்பவர் காலில். மற்றது, இப்போதுதான் என்னால் அவுட் ஆன கேப்டன் காலில். அவர் குனிந்து தன் காலிலிருந்து கழற்றினார். மண்டியிட்டு என் காலில் கட்டினார். வாரை இழுத்து இழுத்து மாட்டினார். இரண்டாவது காலுக்கு வந்தபோதுதான் தலையைத் தூக்கினார்.

“ஏனுங்க சார், மூணு வருசமா ஒண்ணுகூடப் புடிக்கல. இன்னிக்குத்தான் புடிக்கோணுமுங்களா?”

“நேரா வந்துருச்சு” என்றேன். அதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

“நாந்தானுங்க அங்க அடிச்சேன். நீங்க உட்ருவீங்கன்னு நம்பித்தான் அடிச்சேன்.” கடைசி வாரை மாட்டிவிட்டு எழுந்து, தன் ஹெல்மெட்டை என் தலையில் வைத்தார். அது அவருடைய வியர்வையால் ஈரமாக இருந்தது. “போங்க. நாலு ரன்னு. ரெண்டு பந்து.”

இதற்குள் கீரைக் கேப்டன் லாங் ஆன் காலியாக இருப்பதைக் காட்டி இன்னோர் ஆள் கேட்டார். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் நடுவர்கள், இரண்டு பேர் நுங்கு வாங்கப் போயிருந்தார்கள், மீதிப் பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கேப்டன் நிழலை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “நானே போறனுங்க” என்று சொல்லி, நான் நின்ற இடத்துக்கு நடந்தார். கேட்டவர்களுக்கு அதில் ஒரு தந்திரம் இருப்பதாகத் தோன்றியிருக்கும். கீரைக் கேப்டன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டார். அன்று ஒருதரம் நம்பிப் பார்த்ததில் அவருக்கு ருசி கண்டுவிட்டது போலிருக்கிறது.

ஐந்தாவது பந்துக்கு நான் பேட்டை வீசினேன். பேட் ஒரு ஜில்லாவில் போயிற்று, பந்து வேறு ஜில்லாவில் போயிற்று. பின்னால் நின்று பந்து பிடிப்பவர், “சாரு கேட்ச் புடிக்கிறதுல மட்டும்தான் கெட்டி போல” என்றார். மூன்று வருஷத்தில் யாரும் என்னைக் கேலி செய்யாத விதம் அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிப் பந்து. நான்கு வேண்டும். கீரைக் கேப்டன் கையைச் சுற்றினார். நான் கண்ணை மூடினேனா என்று பிறகு பலரும் கேட்டார்கள், மூடவில்லை, இமைத்தேன். பேட்டில் எங்கோ நல்ல இடத்தில் பந்து பட்டது. கையில் அதிர்வே இல்லை. நிமிர்ந்தபோது அது உயரத்தில் இருந்தது. கரைப் பக்கம், லாங் ஆன் பக்கம், சுண்ணாம்புக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாழ்க்கையில் அடித்த ஒரே உருப்படியான அடி. அதன் கீழே எங்கள் கேப்டன்.

ஓடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றேன். அவர் விட்டால் பந்து கோட்டைத் தாண்டும், ஜெயித்துவிடுவோம். விடுவது சுலபம். நான் எட்டு முறை செய்திருக்கிறேன், ஒரு சிரமமும் இல்லை. நிழலில் எங்கள் ஆட்கள் மூச்சு விடவில்லை. ஊர்க்காரர்களும் விடவில்லை. கீரைக் கேப்டன் மட்டும் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கேப்டன் ஓர் அடி பக்கவாட்டில் வைத்தார். கைகளை முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்தினார். பழத்தைப் பறிப்பது போல் பந்தை எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு, யாரோ தெரியாமல் தன் கையில் வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்தபடி நின்றார். பழைய இலக்கணம் மனிதனுக்கு எட்டு மெய்ப்பாடு சொல்கிறது. நகையில் ஆரம்பித்து உவகைவரை அந்த முகத்தில் எட்டும் வரிசையாக வந்து போயின. எனக்கு எப்படிப் பிடிக்கத் தெரியாதோ, அப்படி அவருக்கு விடத் தெரியாது.

மூன்று ஓட்டத்தில் தோற்றோம்.

முதலில் சிரித்தது கீரைக் கேப்டன்தான். ஆடுகளத்தின் நடுவில் நார் விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்து லாரிக்காரர். அப்புறம் எங்கள் நிழலில் ஒருவர். எங்கள் கேப்டன் கையில் பந்தோடு அவ்வளவு தூரம் நடந்து வருவதற்குள் இரண்டு அணியும் ஒரே கும்பலாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவர் வந்து பந்தைக் கீரைக் கேப்டன் மடியில் போட்டார். “உங்கள ஜெயிக்க வெச்ச ரெண்டு பேருமே எங்க ஆளுங்க” என்றார்.

“அதெப்டி? உள்ள வந்துட்டா எங்காளு” என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துப் பசுக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். கன்று கிடாரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டார். கடைசி இரண்டு கேட்சை யார் யார் பிடித்தார்கள் என்று ஒருவர் விளக்க ஆரம்பித்தார். பசுக்காரர் என்னைப் பார்த்தார், எங்கள் கேப்டனைப் பார்த்தார், தான் தவறான மைதானத்துக்கு வந்துவிட்டோமோ என்பது போல ஏரிக்கரையைப் பார்த்தார்.

கிளம்புவதற்கு முன் நான் மெல்ல அக்காவின் நாற்காலிப் பக்கம் போனேன். எழுத்தில் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. எங்கள் கேப்டன் பெயருக்கு நேரே நாற்பத்தொன்பது என்றும், கேட்ச் பிடித்தவர் இடத்தில் ‘சப்’ என்றும் எழுதியிருந்தது. அதற்கடுத்து என் பெயர், முட்டை, அதே ‘சப்’. மாற்றாள் பிடித்தால் பெயர் எழுதுவது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், வாழ்நாளில் ஒன்றே ஒன்று ஆயிற்றே என்று சொல்லிப் பார்த்தேன்.

“ரூல்ஸு ரூல்ஸுதான் சார்” என்றார் அக்கா. “இப்ப உங்களுக்குப் பேரு போட்டா, அவருக்கும் போடணும். அப்புறம் படிக்கிறவங்க இவங்க யாரு டீம்ல ஆடினாங்கன்னு மண்டைய ஒடச்சிக்குவாங்க.” வாதம் சரி. நான் ஒத்துக்கொண்டேன். அவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு, நாற்காலியை எடுக்கப் போனவர் நிமிர்ந்தார். பட்டியலைப் பார்த்து அவசரமாக எழுதியதில் என் பெயர் மனதில் நிற்கவில்லையாம். கேட்டார். சொன்னேன். ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “எழுத மாட்டேன். ஞாபகம் வச்சிக்கிறேன்” என்றார்.

திரும்பும் ரயிலில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கே உரிய காலி. எங்கள் கேப்டனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், நடுவில் பேட் பை. திருநின்றவூர் போயிற்று, பட்டாபிராம் போயிற்று, அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. ஆவடியில் அவருக்குப் போன் வந்தது. மனைவி. நாற்பத்தொன்பது என்றார். அங்கிருந்து ஏதோ கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். போனை நீட்டினார். “யாரு புடிச்சதுன்னு கேக்கறாங்க. நீங்களே சொல்லிருங்க சார்.”

சொன்னேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். போன் என் கையில் இருந்தபோதே அது அவர் காதுக்கும் கேட்டது. அவருக்கு உதடு கோணியது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

அண்ணனூர் தாண்டும்போது, சிரித்து முடித்த களைப்பில், அவர் கேட்டார்: “சார், நெசமாச் சொல்லுங்க. பந்து வர்றப்ப என்ன நெனச்சீங்க?”

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். மானம், நம்பிக்கை, வழக்கம் என்று சொல்லிக்கொள்ள நிறைய இருந்தது. அதெல்லாம் பந்து வருவதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்தது. “ஒண்ணும் நெனைக்கல” என்றேன்.

“நானுந்தானுங்க” என்றார்.

அம்பத்தூரில் இறங்கும்போது பேட் பையை எப்போதும் அவர்தான் தூக்குவார். அன்று என்னிடம் கொடுத்தார். நான் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.